மூன்று ஊரில் தங்கி, ரயிலில் இத்தாலி

இத்தாலிக்குப் போக ஆசைப்படும் தம்பதிகள் முதலில் எழுதும் பட்டியல் பெரும்பாலும் நீளமாக இருக்கும். ரோம், நேப்பிள்ஸ், பாம்பேய், ஃபுளோரன்ஸ், பைசா, வெனிஸ், வெரோனா, மிலான் என்று ஒன்றையும் விட மனம் வராது. ஊருக்கு ஓர் இரவு என்று கணக்குப் போட்டால் காலையில் பெட்டி கட்டுவது, மாலையில் விடுதி தேடுவது என்றே விடுமுறை கழிந்துவிடும். ரயிலை நம்பினால் இந்த அலைச்சல் வேண்டாம். மூன்று ஊர்களில் மட்டும் தங்குங்கள். மற்ற ஊர்களுக்குக் காலையில் கிளம்பி, பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அந்த மூன்று ஊர்கள் ரோம், பொலோன்யா, வெனிஸ் என்பது என் கருத்து.

வாடகைக் கார் ஏன் வேண்டாம்? இத்தாலியின் பழைய நகரங்கள் கால்நடையாகப் போகிறவர்களுக்கும் குதிரைக்கும் கட்டியவை. பல ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளியார் வண்டிகள் நுழையத் தடை உண்டு. நுழையும் தெருக்களில் கேமரா இருக்கும். தெரியாமல் நுழைந்தாலும் அபராதம் உண்டு. நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அது கார் கொடுத்த நிறுவனம் வழியாக வந்து சேரும். ரயில் நிலையங்களோ பழைய நகரத்தின் விளிம்பிலேயே இருக்கின்றன. ஃபுளோரன்ஸில் சாண்டா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கி நடந்தால், கால் மணி நேரத்துக்குள் பெரிய கோயிலுக்குக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பிய குவிமாடத்துக்குக் கீழே நிற்பீர்கள்.

தூரமும் பயப்படும் அளவுக்கு இல்லை. ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையிலான நேர்ப்பாதையின் முதல் பகுதி 1977-இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் அதிவேக ரயிலுக்கென்று போட்ட பாதைகளில் அதுதான் முன்னோடி. இன்று அந்தப் பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு ஒரு மணி பத்து நிமிடம், பொலோன்யாவுக்கு இரண்டேகால் மணி, பொலோன்யாவிலிருந்து வெனிஸுக்கு ஒன்றரை மணி போல ஆகும்.

ரயில்கள் இரண்டு வகை என்பதை மட்டும் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும். முதல் வகை அதிவேக ரயில்கள். அரசு நிறுவனமான ட்ரெனிடாலியாவின் ஃப்ரெச்சாரோசா ஒன்று. 2012-இல் ஓடத் தொடங்கிய தனியார் ரயில் இத்தாலோ மற்றொன்று. இரண்டும் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். இவற்றில் இருக்கை எண் போட்டுத்தான் டிக்கெட் தருவார்கள். பயண நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். முன்கூட்டி எடுத்தால் மலிவுதான், ஆனால் மலிவு டிக்கெட்டைப் பெரும்பாலும் மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ முடியாது. ஒரு நிறுவனத்தின் டிக்கெட் மற்றதில் செல்லாது.

இரண்டாவது வகை ரெஜியோனாலே எனப்படும் வட்டார ரயில். சின்ன ஊர்களிலும் நின்று போகும். இன்று வாங்கினாலும் அடுத்த வாரம் வாங்கினாலும் ஒரே விலைதான். இருக்கை எண் கிடையாது. தீர்ந்துபோகும் கவலையும் இல்லை. ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. நிலையத்தில் வாங்கிய காகித டிக்கெட்டை, ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள சிறு இயந்திரத்தில் செருகித் தேதி, நேர முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் வாங்கியிருந்தால் ஏறுமுன் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் இதைச் செய்யாதவர்கள் அபராதம் கட்டுகிறார்கள். இருவரில் ஒருவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர்தான் அதில் பெரிதாக இருக்கும். ஃபுளோரன்ஸ் போகும் ரயிலுக்கு மிலான் என்றோ வெனிஸ் என்றோ போட்டிருக்கலாம். அதனால் டிக்கெட்டிலுள்ள ரயில் எண்ணைப் பாருங்கள். நடைமேடை எண் சில சமயம் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் வரும். பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் தூக்கி ஏற்றுவது நீங்கள்தான். ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி போதும்.

ரோமில் நான்கு இரவாவது தங்குங்கள். டெர்மினி நிலையத்திலிருந்து கொலோசியத்துக்கு மெட்ரோவில் இரண்டே நிறுத்தம். கொலோசியம் டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் இருக்கும்; அடையாள அட்டையைக் கேட்பார்கள். வாட்டிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். பாம்பேய்க்கு இங்கிருந்தே போய் வரலாம். நேப்பிள்ஸ் வரை அதிவேக ரயிலில் போய், அதே நிலையத்தின் கீழ்த்தளத்தில் சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலைப் பிடித்தால், கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த நகரின் வாசலிலேயே இறக்கிவிடும். அந்த ரயிலில் நெரிசல் அதிகம். பணப்பையும் பாஸ்போர்ட்டும் உடம்போடு இருக்கட்டும்.

நடுவில் ஃபுளோரன்ஸை விட்டுப் பொலோன்யாவில் ஏன் தங்க வேண்டும்? வடக்கு, தெற்கு, கிழக்குப் பாதைகள் எல்லாம் கூடும் சந்திப்பு அது. ஃபுளோரன்ஸ், ராவென்னா, ஃபெர்ராரா, மோதெனா, பார்மா, வெரோனா எல்லாமே ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். ஊரும் அழகு. தெருவோரத்தில் தூண்கள் தாங்கும் கூரைநடைகள் நகரம் முழுக்க சுமார் 62 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மழையானாலும் வெயிலானாலும் இருவரும் குடையில்லாமல் பேசிக்கொண்டே நடக்கலாம். இங்குள்ள பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது.

பொலோன்யா நிலையத்தில் இரண்டு விஷயம். அதிவேக ரயில்கள் பல, தரைக்கு வெகு கீழே உள்ள 16 முதல் 19 வரையிலான நடைமேடைகளுக்கு வருகின்றன. இறங்கிப் போகவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மற்றொன்று, வெளிச்சுவரில் 10.25-இல் நின்றிருக்கும் கடிகாரம். 1980 ஆகஸ்ட் 2 அன்று காத்திருப்போர் அறையில் வெடித்த குண்டு 85 பேரைக் கொன்றது. விடுமுறைக்குக் கிளம்பி, ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் பலர் இறந்தவர்களில் இருந்தார்கள். நம்மைப் போலப் பெட்டியோடு நின்றவர்கள். ஒரு நிமிடம் அங்கே நின்றுவிட்டுப் போங்கள்.

பொலோன்யாவிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். 2009-இல் திறந்த அந்தப் பாதையின் பெரும்பகுதி அபென்னைன் மலையைக் குடைந்த சுரங்கம் என்பதால் ஜன்னலில் காட்சி எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அதிகாலை ரயிலில் போங்கள், இரவு ரயிலில் திரும்புங்கள். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை இருக்கும் அக்கடேமியாவும் உஃபிட்சி ஓவியக்கூடமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் கண்ணும் காலும் சோர்ந்துவிடும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மிச்ச நேரத்தைச் சாண்டா குரோச்சே தேவாலயத்துக்குக் கொடுங்கள்.

அங்கே கவிஞர் தாந்தேவுக்குப் பெரிய நினைவுக் கல்லறை ஒன்று இருக்கிறது. உள்ளே அவர் இல்லை. 1302-இல் ஃபுளோரன்ஸ் அவரை நாடுகடத்தியது. அவர் திரும்பவே இல்லை. 1321-இல் ராவென்னாவில் இறந்தார். பிற்காலத்தில் ஃபுளோரன்ஸ் உடலைக் கேட்டபோதும் ராவென்னா கொடுக்கவில்லை. அடுத்த நாள் பொலோன்யாவிலிருந்து வட்டார ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போய் ராவென்னாவில் அந்த உண்மையான கல்லறையைப் பாருங்கள். உள்ளே எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் தருவது ஃபுளோரன்ஸ் நகரம்தான். இரண்டு ஊரையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் ஒரு நகரம் தன் கவிஞனுக்குச் செய்ததும் அதற்காகப் பின்னால் வருந்தியதும் நெஞ்சில் தைக்கும். ராவென்னாவில் 547-இல் அர்ப்பணித்த சான் விதாலே தேவாலயமும் உண்டு. ஜஸ்டீனியன் பேரரசரும் அவர் மனைவி தியோடோராவும் பொன்னும் பச்சையுமான சில்லுகள் பதித்த சித்திரங்களாகச் சுவரில் நிற்கிறார்கள். பட்டியலில் பைசாவை அடித்துவிட்டு இந்த ஊரை எழுதிக்கொள்ளலாம் என்பேன்.

வெனிஸுக்கு டிக்கெட் எடுக்கும்போது சாண்டா லூசியா நிலையம் என்று பார்த்து எடுங்கள். மெஸ்த்ரே என்பது கடலுக்கு இப்பாலுள்ள நிலையம். இரண்டுக்கும் நடுவே 1846-இல் கட்டிய ரயில் பாலம் கடற்கழி நீரைக் கடக்கிறது. நிலையப் படியிறங்கினால் எதிரே பெரிய கால்வாய். இங்கே வண்டி கிடையாது. படகு, இல்லாவிட்டால் நடை. பாலங்கள் நானூறுக்கும் மேல்; பெரும்பாலானவற்றில் படிகள். விடுதி பார்க்கும்போது, நிலையத்திலிருந்தோ படகுத்துறையிலிருந்தோ எத்தனை பாலம் ஏற வேண்டும் என்று கேளுங்கள். பகலில் வந்து மாலையில் போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட சில நாட்களில் நகரம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை, ஆனால் விலக்குக்குப் பதிவு செய்ய வேண்டும். அரை மணிப் பயணத்தில் பதுவா. அங்கே ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜொத்தோ தீட்டிய சுவரோவியங்களைப் பார்க்க முன்பதிவு அவசியம்.

ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் அபூர்வமில்லை, முன்னறிவிப்போடுதான் நடக்கும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட ரயில்கள் கட்டாயம் ஓடும். விமானம் பிடிக்க வேண்டிய நாளில் நீண்ட ரயில் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரோமில் இறங்கினால் மிலானிலிருந்து விமானம் ஏறுங்கள்; அதற்கு முந்தைய இரவு மட்டும் அங்கே தங்க வேண்டியிருக்கும். வந்த வழியே திரும்பும் நாள் மிச்சம். வெனிஸிலிருந்து மிலானுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். இந்தப் பாதையில் கார்தா ஏரிக்கரையில் தெசென்சானோ என்ற நிலையம் வரும். அதற்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் காஸ்திலியோனே என்ற சிற்றூரில்தான் 1680-இல் கான்ஸ்டன்ஸோ பெஸ்கி பிறந்தார். தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவராகி, தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர். வெரோனாவுக்கென்று ஒதுக்கிய நாளில் பாதியைத் தமிழ்த் தம்பதிகள் இந்த ஊருக்குக் கொடுக்கலாம். தெசென்சானோவில் இறங்கி டாக்ஸி பிடித்தால் போதும். மிலானில் டாவின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்தின் முன் கால் மணி நேரம்தான் நிற்க விடுவார்கள். அதற்கான சீட்டை மாதங்களுக்கு முன்பே, விமான டிக்கெட் எடுத்த கையோடு தேடத் தொடங்குங்கள். கிடைத்த தேதியைப் பொறுத்து மற்ற நாட்களை அடுக்கிக்கொள்ளலாம்.