கட்டிலருகே வரும் கோட்பாடு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊராட்சி எருத்தேன்பதி. அரசு கேரளத்துடையது, வீட்டுப் பேச்சு பெரும்பாலும் தமிழ். கேரளத்தின் மற்ற ஊராட்சிகளைப் போலவே இங்கும், படுத்த படுக்கையாகிவிட்டவரைத் தேடி நர்ஸ் வீட்டுக்கே வருவது மக்களுக்குப் பழகிப்போன காட்சி. இதன் வேர் கோழிக்கோட்டில் இருக்கிறது. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் 1993-இல் அங்கே தொடங்கிய வலி நிவாரண சங்கம், பிறகு அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாகத் திரட்டிய மலப்புறத்து முயற்சி, அதன் பின் 2008-இல் கேரள அரசு அறிவித்த பாலியேட்டிவ் (நோய்த்தணிப்புப் பராமரிப்பு) கொள்கை எனப் படிப்படியாக அது வளர்ந்தது. இதற்கென்று ஒரு கொள்கையை அறிவித்த முதல் இந்திய மாநிலம் கேரளம்தான்.

அந்த நர்ஸ் படித்த பாடத்தில் கோட்பாடுகள் என்றொரு பகுதி உண்டு. மாணவியர் பலர் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் பகுதி அது. ஆனால் கோட்பாடுகள் எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதை ஆஸ்பத்திரி வார்டைவிட வீட்டுத் திண்ணையில்தான் நன்றாகப் பார்க்க முடிகிறது.

செவிலியத்தில் பெருங்கோட்பாடுகள் என்று சில உண்டு. மனிதன், உடல்நலம், சூழல், செவிலியம் எல்லாவற்றையும் ஒரே பார்வைக்குள் அடக்க முயல்பவை அவை. அமெரிக்கச் செவிலியர் டொரோத்தியா ஓரெம் 1971-இல் நூலாக வெளியிட்ட தற்பராமரிப்புக் கோட்பாடு அவற்றில் பெயர்பெற்றது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் திறனுக்கும் தேவைக்கும் இடையே பள்ளம் விழும்போதுதான் நர்ஸ் வேண்டும் என்பது அதன் சாரம். நர்ஸே முழுதும் செய்வது, நோயாளியும் நர்ஸும் பங்கிட்டுச் செய்வது, சொல்லிக் கொடுத்துத் துணை நிற்பது என்று உதவியை அவர் மூன்றாகப் பிரித்தார்.

பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். நர்ஸ் தினமும் வரப்போவதில்லை. வந்த அன்று புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவார், கதீட்டர் மாற்றுவார், போய்விடுவார். மீதி நாட்கள் எல்லாம் மருமகளின் கையில். ஆகவே நர்ஸின் உண்மையான வேலை மருமகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான்: சாய்த்துப் படுக்கவைப்பது எப்படி, தோல் எந்த நிறத்துக்கு மாறினால் போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம். ஓரெம் சொன்ன மூன்றாவது வகை இது. பிறரைச் சார்ந்து வாழ்பவரை வீட்டார் பராமரிப்பதையும் அவர் தன் கோட்பாட்டுக்குள் சேர்த்திருந்தார். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் செவிலியப் பணியைச் சீராக்கும் வேலையிலிருந்து கிளம்பிய சிந்தனை, கேரள ஊராட்சியின் வீட்டுப் பராமரிப்புக்கு இவ்வளவு பொருந்துவது வியப்புதான்.

ஆனால் அதே பெரியவரின் இடுப்புத் தோல் சிவந்துவருகிறது. இப்போது ஓரெம் என்ன செய்வார்? பள்ளம் இருக்கிறது என்பார், அவ்வளவுதான். எவ்வளவு ஆபத்து, எதை மாற்றினால் குறையும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில் கை கொடுப்பவை இடைவீச்சுக் கோட்பாடுகள். சமூகவியலில் ராபர்ட் மெர்ட்டன் சொன்ன யோசனையைச் செவிலியர்கள் தங்கள் துறைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு பிரச்சினை, சில கருத்துகள், சோதித்துப் பார்க்கக் கூடிய தொடர்புகள். படுக்கைப் புண்ணுக்கு பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1987-இல் தந்த விளக்கம் இந்த வழியில் வந்தது. தோல்மேல் அழுத்தம் எவ்வளவு, அதைத் தாங்கும் சக்தி எவ்வளவு என்பதே அதன் அடிப்படை. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, சாப்பாடு, உராய்வு என்ற ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுவார்கள். பொதுவாக 18 அல்லது அதற்குக் கீழே போனால் எச்சரிக்கை. மதிப்பெண் எதனால் குறைந்தது என்று தெரிந்தால், ஏர் பெட் வாங்கச் சொல்வதா, சாப்பாட்டைக் கவனிக்கச் சொல்வதா, துணியை அடிக்கடி மாற்றச் சொல்வதா என்பது அங்கேயே தீர்மானமாகிவிடும்.

பிழைக்க மாட்டார் என்று தெரிந்த புற்றுநோயாளியின் வீடு வேறு மாதிரி. அங்கே தற்பராமரிப்பைத் திரும்பக் கொண்டுவருவது என்பதே பெரும்பாலும் பொருந்தாத பேச்சு. கார்னெலியா ரூலண்டும் ஷெர்லி மூரும் 1998-இல் வெளியிட்ட அமைதியான இறுதிக்காலக் கோட்பாடு ஐந்தே கேள்விகளைக் கேட்கிறது: வலி இல்லையா, சுகமாக இருக்கிறாரா, மரியாதையோடு நடத்தப்படுகிறாரா, மனம் அமைதியாக இருக்கிறதா, வேண்டியவர்கள் பக்கத்தில் இருக்கிறார்களா? நார்வேயில் அனுபவமுள்ள வார்டு செவிலியர்கள் தங்களுக்காக எழுதிவைத்திருந்த பராமரிப்பு விதிமுறையிலிருந்து பிறந்தது இது. மேலேயிருந்து இறங்காமல் வார்டிலிருந்து ஏறிவந்த கோட்பாடு என்பதால்தானோ என்னவோ, படித்ததும் கையில் எடுக்க முடிகிறது.

அதற்காகப் பெருங்கோட்பாடுகளைப் பரணில் போட்டுவிடவும் முடியாது. மதிப்பெண் தாளில் வராத கேள்வி ஒன்று பக்கவாதப் பெரியவரின் வீட்டில் இருக்கிறது: இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழுகிறது? தோட்ட வேலைக்குப் போக வேண்டிய மருமகள் கூலியை இழந்து வீட்டில் உட்கார்ந்திருப்பது பிரேடன் அளவுகோலில் தெரியாது. ஓரெமின் கண்ணுக்கு அவள் தெரிவாள்.

இடைவீச்சுக் கோட்பாட்டுக்கு எல்லைப்புறத்தில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அது அளவைகளை நம்பி நிற்கிறது, பல அளவைகள் கேள்விகளை நம்பி நிற்கின்றன. நோயாளியின் சுகத்தை மையமாக வைத்த கேத்தரின் கோல்கபாவின் சுகக் கோட்பாடும் இடைவீச்சு வகைதான்; அதைச் சோதிக்க அவர் உருவாக்கிய பொதுச் சுக வினாத்தாளில் 48 வாக்கியங்கள், எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அதைத் தமிழாக்கினால் போதாது, தமிழ் பேசுபவர்களிடம் கேட்டு அதே பொருளைத் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நர்ஸின் தாய்மொழி மலையாளமாகவும் படுத்திருப்பவர் பள்ளிக்கூடம் போகாத தமிழ்ப் பாட்டியாகவும் இருந்தால், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று கேட்பதே இருவருக்கும் சங்கடம். “ராத்திரி வலியில எத்தன தடவ முழிச்சீங்க பாட்டி?” என்று கேட்டால் பதில் உடனே வரும். அந்தப் பதிலை அளவுகோலில் எந்த இடத்தில் எழுதுவது என்று நர்ஸ்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.