கீறலைத் திருத்துங்கள், முகத்தை விட்டுவிடுங்கள்

நம் வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தா, பாட்டி படங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அவற்றில் சில, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டவையாக இருக்கும். மலாயாவில் 1948இல், அவசரகாலத்தின்போது, அடையாள அட்டை அறிமுகமானது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பலர் முதன்முதலாகக் கேமரா முன் உட்கார்ந்ததே அதற்காகத்தான் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

என் தாத்தாவுக்கும் அப்படி ஒரே ஒரு படம்தான். தீபாவளிப் படையலுக்காக அதைப் புதுப்பிக்க நினைத்த என் அத்தை மகன், கைப்பேசிச் செயலி ஒன்றில் ஏற்றினான். சில விநாடிகளில் பளிச்சென்று ஒரு படம் வந்தது. வழவழப்பான தோல், எடுப்பான மூக்கு, மின்னும் கண்கள். அத்தையைத் தவிர எல்லாருக்கும் பிடித்துப்போனது.

“படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எங்கப்பா இல்லப்பா” என்றார் அத்தை.

காரணம் பிறகுதான் புரிந்தது. தாத்தாவின் நெற்றியில் அம்மைத் தழும்பு உண்டு. செயலி அதையும் பழுது என்று எண்ணித் துடைத்துவிட்டது. இத்தகைய செயலிகள் படத்தில் தெளிவில்லாத இடங்களைத் தாம் பழகிய ஆயிரமாயிரம் முகங்களைக் கொண்டு நிரப்புகின்றன. காகிதத்தில் விழுந்த கீறல் எது, மனிதருக்கு இருந்த தழும்பு எது என்று அவற்றுக்குத் தெரியாது. அது வீட்டாருக்குத்தான் தெரியும். அதனால் இந்த வேலையை நம் கையால் செய்வதே சரி என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பணம் தேவையில்லை. ‘கிம்ப்’ என்ற மென்பொருள் போதும்.

யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்

1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் இருவரும் தொடங்கியது கிம்ப். இன்று தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இது கட்டற்ற மென்பொருள். நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். மாதச் சந்தா கிடையாது. வேலை முழுவதும் உங்கள் கணினியிலேயே நடப்பதால் வீட்டுப் படம் வெளியே எங்கும் போகாது. பதிவிறக்கும்போது மட்டும் அதன் அதிகாரபூர்வத் தளத்துக்கே செல்லுங்கள்.

முதலில் நல்ல பிரதி

படத்தை ஸ்கேன் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. சிறிய படமென்றால் 1200 டிபிஐ வையுங்கள். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படம் அப்போது ஏறக்குறைய 1650 பிக்சல் அகலத்தில் கிடைக்கும். அச்சில் சுமார் ஐந்தரை அங்குல அகலம் வரை தெளிவாக வரும். டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் விவரத்தை இழக்கும். பசை ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

கிம்பில் படத்தைத் திறந்ததும் லேயரை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். லேயருக்கு அருகிலுள்ள கண் சின்னத்தைச் சொடுக்கினால் மூலப்படத்தோடு உடனுக்குடன் ஒப்பிடலாம்.

மங்கலுக்கு மருந்து

‘கலர்ஸ்’ பட்டியலில் ‘லெவல்ஸ்’ என்று இருக்கும். திறந்தால் மலைமேடு போல ஒரு வரைபடம் தெரியும். இடப்பக்கம் கருமை, வலப்பக்கம் வெண்மை. மங்கிய படத்தில் இரு ஓரங்களும் காலியாக இருக்கும். கீழேயுள்ள முக்கோணங்களை மேடு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள். படம் கண் விழித்தாற்போல் தெளியும்.

1970களின் வண்ணப் படங்கள் சில சிவந்துபோயிருக்கும். அவற்றிலுள்ள நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட வேகமாக மங்குவது ஒரு காரணம். அதே லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்யலாம். சுலப வழியும் உண்டு. சாம்பல் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குழாயை எடுத்து, படத்தில் யாராவது கட்டியிருக்கும் வெள்ளை வேட்டியின் நிழல் மடிப்பில் சொடுக்கிப் பாருங்கள். அதை அளவுகோலாக வைத்து மற்ற நிறங்களும் நேராகும். நம் குடும்பப் படங்களில் வேட்டிக்கா பஞ்சம்!

கீறலுக்கு ஹீல்

‘ஹீல்’ கருவியை எடுத்து, கண்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடி கீறலுக்குப் பக்கத்திலுள்ள நல்ல இடத்தைச் சொடுக்குங்கள். பிறகு கீறல்மீது தடவுங்கள். சுற்றியுள்ள நிறத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப அது கலந்துவிடும். தூரிகை சிறிதாக இருக்கட்டும். சட்டைக் காலர், தலைமுடி ஓரம் போன்ற இடங்களில் ஹீல் பூசினாற்போல் ஆகிவிடும். அங்கே அப்படியே நகலெடுக்கும் ‘குளோன்’ கருவி நல்லது.

முகத்தைத் தொடுமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். அச்சிட்ட படத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். கீறல் காகிதத்தின் மேல் கோடாகத் தெரியும். பிறகு அந்த முகத்தை நேரில் பார்த்தவரைக் கேளுங்கள். அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் நான் செய்தேன். “அது மச்சம், விடு”, “அது கறை, எடு” என்று அவர் சொல்லச் சொல்ல இரண்டு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. கண்ணோரம் தெளிவில்லாத ஓரிடத்தை அப்படியே விட்டுவிட்டோம். அங்கே என்ன இருந்தது என்று அவருக்கும் நினைவில்லை.

‘சேவ்’ கொடுத்தால் கிம்ப் தன் எக்ஸ்சிஎஃப் கோப்பாகவே சேமிக்கும். லேயர்கள் அதில் பத்திரமாக இருக்கும். அச்சிடவும் வாட்ஸ்அப்பில் அனுப்பவும் ‘எக்ஸ்போர்ட் அஸ்’ சென்று ஜேபெக் எடுங்கள். மூலப்படத்தின் ஸ்கேனை மட்டும் ஒருநாளும் அழிக்காதீர்கள்.

கோப்பின் பெயரில், படத்தில் இருப்பவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிவையுங்கள். கீறலை அடுத்த ஆண்டுகூடத் திருத்தலாம். பின்வரிசையில் நிற்கும் அந்தச் சிறுமி யார் என்று சொல்லக்கூடியவர் இப்போது ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.