'பிரேக்கிங் பேட்' விமான மோதல்: ஒரே ஒருத்தர் தப்பு செய்தால் போதுமா?

மகளைப் பறிகொடுத்த அப்பா, துக்கம் ஆறும் முன்பே வேலைக்குத் திரும்புகிறார். அவர் ஒரு ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். ரேடார் திரை முன் உட்கார்ந்தவர் தடுமாற, இரண்டு விமானங்கள் நடுவானில் மோதுகின்றன.

2009-ல் ஒளிபரப்பான 'பிரேக்கிங் பேட்' இரண்டாவது சீசனின் முடிவு இதுதான். கதைப்படி 167 பேர் பலி. பார்ப்பவர் மனதில் தங்குவது ஒரே விஷயம்: ஒருத்தர் கவனம் சிதறினால் எல்லாம் முடிஞ்சது.

நிஜத்தில் அப்படியா?

எத்தனை பாதுகாப்பு அடுக்குகள்?

உயரத்தில் பறக்கும் இரு விமானங்களுக்கு நடுவே பொதுவாக மேல்கீழாக 1,000 அடி, அல்லது பக்கவாட்டில் 5 கடல் மைல் (சுமார் 9 கி.மீ.) இடைவெளி வேண்டும். அது குறையப்போகிறது என்றால் கன்ட்ரோலரின் திரையில் எச்சரிக்கை வரும். அதையும் அவர் தவறவிட்டால், விமானங்களில் உள்ள 'டிகாஸ்' கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரு பைலட்டை 'ஏறு' என்றும், இன்னொருவரை 'இறங்கு' என்றும் சொல்லும்.

அப்போ மோதலே நடக்காதா?

நடந்திருக்கிறது. 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே ரஷ்யப் பயணிகள் விமானமும் சரக்கு விமானமும் மோதின. இரண்டிலும் இருந்த 71 பேரும் இறந்தார்கள். அதில் பெரும்பாலானோர் குழந்தைகள்.

அந்த வான்பரப்பைக் கவனித்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் மையம். டூட்டியில் இருந்த இருவரில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். இரவில் இப்படிப் போவது வழக்கம்தான், நிர்வாகமும் கண்டுகொள்ளவில்லை. மற்றவர் தனியாக இரண்டு ரேடார் திரைகளைப் பார்த்தார். பராமரிப்பு வேலைக்காகத் திரை எச்சரிக்கையும் மெயின் போன் லைனும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆபத்தைக் கண்ட ஜெர்மன் கன்ட்ரோலர்கள் போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை.

கடைசி நிமிடத்தில் கவனித்தவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் அந்த விமானத்தின் டிகாஸ் 'ஏறு' என்றது. பைலட் கன்ட்ரோலர் பேச்சைக் கேட்டு இறங்கினார். சரக்கு விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு என்ன மாறியது?

யார் சொல்வதைக் கேட்பது என்பதில் அப்போதைய விதிகள் தெளிவாக இல்லை. இப்போது சந்தேகமே கிடையாது: கன்ட்ரோலர் மாற்றிச் சொன்னாலும், டிகாஸ் சொல்வதைத்தான் பைலட் கேட்க வேண்டும். 2007-ல் சுவிஸ் நீதிமன்றம், அந்தக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் மேலாளர்கள் உட்பட நால்வரைக் குற்றவாளிகள் என்றது.

ஆனால் அன்று தனியாக உட்கார்ந்திருந்த கன்ட்ரோலர் அப்போது உயிரோடு இல்லை. விசாரணையின் இறுதி அறிக்கை வருவதற்குள், 2004 பிப்ரவரியில், விபத்தில் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்த ஒருவர் அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்.

டிவி தொடருக்குப் பழியைச் சுமக்க ஒரு முகம் போதும். விமானப் பாதுகாப்புக்கு அது போதாது. அந்த ஒருத்தரை மட்டும் மாற்றியிருந்தால், மறுநாள் இரவும் அதே நாற்காலியில் இன்னொருவர் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.