ஊர் திரும்பும் கர்ப்பிணியிடம் கேட்காத கேள்வி

மழை தொடங்கிவிட்டால் டெங்குவைப் பற்றித்தான் பேச்சு. மலேரியாவை ஏறக்குறைய மறந்தேவிட்டோம். தமிழ்நாடு முழுவதுமே இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்குத்தான் அந்தக் காய்ச்சல் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் உசிலம்பட்டி வட்டாரத்தில் பிள்ளைப்பேற்றுக்காக ஊர் திரும்பும் பெண்களை நினைத்தால் அந்த மகிழ்ச்சியில் பாதி போய்விடுகிறது.

இது மானாவாரி பூமி. வைகை அணை கூப்பிடு தூரத்தில் இருந்தும், 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருவது அணை நன்றாக நிரம்பும் ஆண்டுகளில்தான். வானம் பொய்த்தால் வெளியூர்ப் பிழைப்புதான் கதி. முறுக்குத் தொழிலுக்கென்று வடமாநிலங்களுக்குக் கிளம்பிப் போகிற குடும்பங்கள் இங்கே ஏராளம். வீட்டுப் பெண்களும் கூடவே போய் மாவு பிசைகிறார்கள், அடுப்படியில் வேகிறார்கள். மாசமானதும் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். எங்கே பிழைத்தாலும் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான்.

அப்படி வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒடிசாவில் மட்டும் 2016-ல் 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு மலேரியா. மறு ஆண்டு ‘தமன்’ என்ற திட்டம் அங்கே வந்தது. எளிதில் போய்ச் சேர முடியாத கிராமங்களுக்குப் போய், காய்ச்சல் உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தார்கள், கொசுவலை கொடுத்தார்கள். 2018-ல் எண்ணிக்கை 70,000-க்கும் கீழே இறங்கியது. 2020-ல் சத்தீஸ்கரின் பஸ்தரில் இதேபோல் வீடு வீடாகச் சோதித்தபோது, கிருமி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சலே இல்லை. அங்கேயே பல ஆண்டு இருந்து பழகிய உடம்பில் கிருமி சத்தமில்லாமல் தங்கும். புதிதாகப் போன நம் ஊர்ப் பெண்ணுக்கு வந்தால் கடுமையாகவே வரும். தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கர்ப்பிணிக்கு வரும் மலேரியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபால்சிபாரம் வகைக் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. விரல் நுனி ரத்தத்தில் கிருமி அகப்படாமலே போகலாம். உள்ளே குழந்தைக்குப் போக வேண்டிய ஊட்டமும் பிராணவாயுவும் குறைந்துகொண்டே வரும். கருச்சிதைவு, குறைமாதப் பேறு, எடை குறைந்த குழந்தை எல்லாம் இதன் விளைவுகள்.

தாய்க்கு ரத்தசோகையும் வரும். நாம் ஏமாறுவது இங்கேதான். “ரத்தம் பத்தலம்மா, கீரை சாப்பிடு, மாத்திரையை விடாமப் போடு” என்று நர்சம்மா சொல்லும் புத்தி நல்ல புத்திதான். ஆனால் ரத்தத்தை அழிப்பது கிருமியாக இருந்தால், அதை விட்டுவிட்டு இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கொடுத்து என்ன பயன்?

வைவாக்ஸ் வகை வேறு விதமாகப் படுத்தும். அது ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். அதை வேரோடு எடுக்கும் பிரிமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. குளோரோகுயின் கொடுத்து அப்போதைக்குக் காய்ச்சலை அடக்கலாம். முழுச் சிகிச்சை பிரசவத்துக்குப் பிறகுதான். அதற்குள் கைக்குழந்தையோடு குடும்பம் மறுபடி ரயிலேறிவிட்டால் அந்த மிச்ச வைத்தியத்தை யார் நினைவில் வைத்திருப்பது?

ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த நாடுகளில் நான்காம் மாதத்திலிருந்து தாய்மைப் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், மாத இடைவெளி விட்டு, கிருமி இருக்கிறதா என்று பார்க்காமலே தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இந்தியாவில் அந்த முறை இல்லை. நம் மாவட்டத்துக்கு அது தேவையும் இல்லை. நோயே அரிதான ஊரில் வருகிற கர்ப்பிணிக்கெல்லாம் மலேரியா சோதனை எதற்கு, வீண் செலவு என்று சொல்வோரும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கலாம். நான் கேட்பது ஒரு கேள்வியைத்தான்: “போன ஒரு வருஷத்துல எந்தெந்த ஊர்ல இருந்தம்மா?”

அதைக் கேட்க இடமும் தயாராக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கே, கர்ப்பத்தைப் பதிந்ததும் தரப்படும் பிக்மி எண் வேண்டும் என்பதால் பதியாமல் யாரும் தப்புவதில்லை. பதியும்போது உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்கிறோம். பதிலில் மலேரியா உள்ள மாநிலம் வந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சோதனை அட்டையின் சிறு குழியில் விட்டு, அதற்குரிய திரவத்தைச் சேர்த்தால் கால் மணி நேரத்தில் கோடு காட்டிவிடும். கோடு விழாவிட்டாலும் ரத்தசோகையோ காய்ச்சலோ இருந்தால் கண்ணாடித் தகட்டில் ரத்தத் தடவலும் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் சில நாள் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கூடவே மருந்தூட்டிய கொசுவலை ஒன்றும் கொடுத்தனுப்பலாம்.

கிருமி அந்தப் பெண்ணோடு நின்றுவிடாது என்பதுதான் எனக்குப் பெரிய பயம். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு நம் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரக்கூடியது. இலங்கையில் 1963-ல் வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. போய்விட்டது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1968-69-ல் லட்சக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள். அந்தப் பாடத்தைப் படித்த பிறகுதான் 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் மீது இன்றும் ஒரு கண் வைத்திருக்கிறார்கள்.

அதிகாரி கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஊர் திரும்பும் மகளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் தாயே, “இவ வடக்கே இருந்து வந்திருக்கா, மலேரியாவுக்கும் பாத்திருங்க” என்று சொல்லலாம். அங்கே காய்ச்சலில் படுத்திருந்தால் அதையும், சாப்பிட்ட மாத்திரையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செவிலியர் அதைத் தாய் சேய் அட்டையில் எழுதிவைத்தால், பிரசவத்துக்குப் பிறகு பாக்கியிருக்கும் வைத்தியமும் விட்டுப்போகாது.