லயத்துக் கூரையில் இல்லாத வெள்ளீயம்

பதுளை ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயங்களின் கூரையைத் தகரம் என்றே சொல்கிறோம். அந்தத் தகட்டில் வெள்ளீயம் துளியும் இல்லை. இரும்பின் மேல் நாகம், அதாவது துத்தநாகம், பூசியிருக்கிறது. வெள்ளீயத்தைப் பார்க்க வேண்டுமானால் அடுப்படிக்குப் போக வேண்டும்: மீன் டின்னிலும், ஈயம் பூசிய பழைய பித்தளைக் குண்டாவிலும்.

பதுளை மழைக்கு நாகம்தான் சரி. கீறல் விழுந்தாலும் இரும்பை முந்திக்கொண்டு அது கரையும், இரும்பு தப்பும். டின்னின் வெளிப்புறத்தில் வெள்ளீயம் கீறினாலோ இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும். ஆனால் மூடிய டின்னுக்குள் காற்று கிடையாது. அங்கே உணவின் அமிலங்கள் வெள்ளீயத்தைப் பற்றிக்கொள்ள, வரிசை தலைகீழாகிறது: வெள்ளீயம் கரைந்து இரும்பைக் காக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது.

வெள்ளீயத்தின் அணுவெண் 50. நிலையான சமதானிகள் பத்து. வேறெந்த மூலகத்துக்கும் இத்தனை இல்லை. ஆவர்த்தன அட்டவணையின் 14ஆம் கூட்டத்தில் மேலிருந்து காபன், சிலிக்கன், ஜேர்மானியம், வெள்ளீயம், ஈயம் என்று வரும். வெளியோட்டில் எல்லாவற்றுக்கும் நான்கு இலத்திரன்கள். வெள்ளீயம் சில சேர்வைகளில் இரண்டைக் கொடுக்கும், சிலவற்றில் நான்கையும். உலோகமாகிவிட்டாலும் மேல்வீட்டுச் சொந்தம் விட்டுப்போகவில்லை: 13.2 பாகை செல்சியசுக்குக் கீழே நீண்டகாலம் கிடந்தால், தூய வெள்ளீயத்தின் அணுக்கள் வைரத்தில் காபன் அடுக்கியிருக்கும் விதத்துக்கே மாறலாம். கனவளவு கால்பங்குக்கு மேல் பெருத்துச் சாம்பல்நிறத் தூளாக உதிரும். நுவரெலியாவில் புல் உறையும் சில தை மாதக் காலைகள் இதற்குப் போதாது. நெப்போலியன் படையின் பொத்தான்கள் இப்படி உதிர்ந்தன என்ற கதையையும் நான் நம்புவதில்லை. ஒரு குளிர்காலப் படையெடுப்புக்குள் முடிகிற வேலையல்ல அது.

குண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் உண்மையில் பூசுவது வெள்ளீயத்தைத்தான். அது 232 பாகையிலேயே உருகும், கரியடுப்பு போதும். சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் வெண்புகை கிளம்பும். நவச்சாரம் அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிய, பின்னது பித்தளை மேலிருக்கும் ஒட்சைட்டை அரித்து எடுக்கிறது. சுத்தமான உலோகத்தில்தான் பூச்சு பிடிக்கும். பிறகு புளிக்குழம்பு வைத்தாலும் களிம்பு ஏறாது.

ஆபத்து அடுத்த வீட்டு ஈயத்தால். அது நஞ்சு, ஆனால் மலிவு. வெள்ளீயத்தோடு கலந்தால் 183 பாகையிலிருந்தே இளகத் தொடங்குவதால் வேலையும் சுலபம். தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் உள்ளே படிகங்கள் நெரிபட்டுக் கிறீச்சென்று கத்தும்; ஈயக் கம்பி கத்தாது. பூசும் முன்பே கம்பியை வாங்கி வளைத்துப் பாருங்கள். பூசிய பிறகு ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.