பத்து வருடம் ஆண்டால் காணி சொந்தமாகுமா?

ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில் எம்மில் பலர் வயலையும் வளவையும் அயலவரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது சிலருக்குக் கிடைத்த பதில்: "பத்து வருடத்துக்கு மேல் நான்தான் ஆள்கிறேன். இனிக் காணி எனக்குத்தான்." இது சரியா?

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருட ஆட்சியைப் பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் பத்து வருடம் இருந்தால் போதும் என்று அது சொல்லவில்லை. அந்த ஆட்சி இடையறாததாக, உரிமையாளருக்கு எதிரானதாக அல்லது அவரைச் சாராததாக இருக்க வேண்டும். குத்தகைப் பணமோ விளைச்சலில் பங்கோ கொடுத்தால், அல்லது மற்றவரின் உரிமையை ஏற்கும் வேறெதையும் செய்தால், அது அத்தகைய ஆட்சி ஆகாது.

"எதிரான" என்ற இந்த ஒரு சொல்லில்தான் பல வழக்குகள் தங்கியுள்ளன. வருடங்களை எண்ணுமுன், அவர் காணிக்குள் எப்படி வந்தார் என்று நீதிமன்றம் பார்க்கும். அனுமதியுடன் வந்தவர், தன் எண்ணம் மாறிவிட்டதை வெளிப்படையான செயலால் காட்டும்வரை அனுமதி பெற்றவராகவே கருதப்படுவார் என்று 1898 இல் மதுவன்வல எதிர் எக்னெலிகொட வழக்கில் தீர்க்கப்பட்டது. மனதுக்குள் "இது என்னுடையது" என்று நினைத்திருந்தால் போதாது.

கூட்டுப் பங்காளிகளுக்கும் இதுவே பொது விதி. ஒரு சகோதரனின் ஆட்சி எல்லாப் பங்காளிகளின் ஆட்சியே என்று 1911 இல் இலண்டன் கோமறைக் கழகம் கூறியது. ஆனாலும் மிக நீண்டகாலம் ஒருவரே முழுப் பயனையும் அனுபவித்திருந்தால், மற்றவர்கள் விலக்கப்பட்டார்கள் என்று ஊகிக்கலாம் என 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே பேசாமல் இருப்பதும் ஆபத்தே.

அனுமதியின்றி வந்தவரின் நிலை வேறு. அவருக்குப் பத்து வருடம் ஓடத் தொடங்கிவிடும். உரிமையாளர் "கடல் கடந்து" இருந்தால் சட்டம் சலுகை தருகிறது. தமிழ்நாட்டு முகாமில் இருந்தவர் கடல் கடந்தவர்தான். வவுனியா முகாமில் இருந்தவர் கடல் கடக்கவில்லையே! இந்த அநீதியை ஓரளவு நீக்கவே 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆயுதக் குழுவின் செயற்பாடுகளால் வழக்காட முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட அது இடமளித்தது. அதற்குத் தரப்பட்ட இரண்டு வருடம் 2018 இல் முடிந்துவிட்டது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. காணியைப் பார்ப்பவரிடம், உங்கள் அனுமதியுடனேயே இருப்பதாக எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு மூடை நெல்லானாலும் வாங்கிப் பற்றுச்சீட்டு வையுங்கள். பழைய கடிதங்களை எறியாதீர்கள். "உங்கள் காணி நலமாக உள்ளது" என்ற ஒரு வரியும் சாட்சியாகலாம். அரச காணிக்கு உத்தரவுப் பத்திரம் வைத்திருப்போர் பிரதேச செயலகத்தை நாட வேண்டும். அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது. பிணக்கு எழுந்தால் தாமதியாமல் சட்டத்தரணியிடம் போங்கள். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

அயலவருடன் சண்டை பிடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நல்லுறவு இருக்கும்போதே எழுதி வைத்தால், பின்னர் அந்த உறவும் காணியும் இரண்டும் தப்பும்.