வேலையை விட்டு ஏன் போகிறார்கள்?



"குறையில்லாமல்தானே வைத்திருந்தோம், ஏன் போய்விட்டான்?" என்று முதலாளிகள் அங்கலாய்ப்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இக்கேள்விக்குத் திருவிவிலியத்திலேயே பதில் இருக்கிறது. தொடக்க நூல் 29 முதல் 31 வரையுள்ள அதிகாரங்களில், இலாபானிடம் 20 ஆண்டுகள் உழைத்து, பின் விலகிச் சென்ற யாக்கோபைச் சந்திக்கிறோம்.

யாக்கோபு ஏன் போனார்? முதல் காரணம், வாக்கு மாறியது. ராகேலுக்காக ஏழு ஆண்டுகள் உழைத்தவருக்கு லேயாவைக் கொடுத்தார் இலாபான். பிறகு கூலியையும் பத்து முறை மாற்றினார். கூலி குறைவு என்பதைவிட, பேசியது நிலைக்காது என்ற எண்ணமே உழைப்பவரை அதிகம் சோர வைக்கிறது.

இரண்டாவது, இழப்பு முழுவதும் உழைப்பவர் தலையில் விழுந்தது. காட்டு விலங்கு கடித்த ஆட்டுக்கும், திருடுபோன ஆட்டுக்கும் யாக்கோபே ஈடு கொடுத்தார். பகலில் வெயில், இரவில் குளிர், கண்ணுக்கு உறக்கமில்லை. ஆனால் மந்தை பெருகியபோது பலன் இலாபானுக்கு.

மூன்றாவது, மதிப்பு கிடைக்கவில்லை. யாக்கோபினால்தான் தமக்கு ஆசி கிடைத்தது என்பது இலாபானுக்குத் தெரியும். ஆனால் அதை அவர் எப்போது சொன்னார்? யாக்கோபு விடைகேட்டபோதுதான்! இன்றும் பல இடங்களில் ராஜினாமா கடிதம் கைக்கு வந்தபிறகுதான் பாராட்டும் சம்பள உயர்வும் வருகின்றன. அதற்குள் மனம் வெளியேறிவிடுகிறது. உடல் பின்னால் போகிறது.

இறுதியில் யாக்கோபு சொல்லாமலே புறப்பட்டார். இலாபான் துரத்திவந்து பிடித்தபோதுதான் 20 ஆண்டு மனக்குமுறல் வெளிவந்தது. அதுவரை ஒருமுறையாவது அவர் உட்காரவைத்துக் கேட்டிருந்தால்?

இலாபானுக்கு நேர்மாறானவர் போவாசு. வயலுக்கு வந்ததும் அறுவடையாளரை ஆண்டவர் பெயரால் வாழ்த்துகிறார். அவர்களும் அவரை வாழ்த்துகிறார்கள். உணவு வேளையில் அவர்களோடு அமர்கிறார். இதற்குப் பெரும் செலவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பு மனிதருக்காக இருக்கிறதே தவிர, மனிதர் உழைப்புக்காக இல்லை என்று கற்பித்தார். போவாசின் வயலில் இதைக் காண்கிறோம்.

நம் மாநிலத்தில் கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்தவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நாற்காலி கொடுக்கவும் சட்டம் தேவைப்பட்டது என்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

இது பெரிய முதலாளிகளுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மா, நம் கடையில் நிற்கும் தம்பி, நம் கோயில்பிள்ளை, நம் பள்ளி ஆசிரியர்கள் ஆகிய இவர்களுக்கு நாமும் முதலாளிகள்தாம். பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுக்கிறோமா? கைதவறி உடைந்த பொருளுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறோமா? அவர்கள் பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியுமா?

வேலையை விட்டு விலகுகிறவரை நன்றிகெட்டவர் என்று உடனே தீர்ப்பிட வேண்டாம். யாக்கோபைப் புறப்படச் சொன்னவரே ஆண்டவர்தாம். இந்த வாரம் நம்மிடம் வேலை செய்யும் ஒருவரிடமாவது, "உங்களுக்கு இங்கே என்ன கஷ்டம்?" என்று கேட்போம், பதிலைப் பொறுமையோடு கேட்போம்.

தொழிலாளரான புனித யோசேப்பே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.